காரலின் வாயை இழுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் இணைப்பின் கடைசிப் பக்கத்தில் காரல் மீனைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. மொத்தம் ஆறு வரி. பாசியைத் தின்னும், ஆழ்கடலில் வாழும், உணவுக்கு உதவாத கழிவு மீன் என்று அதில் மூன்று தப்பு, படத்தோடு சேர்த்து நாலு. பக்கத்தில் போட்டிருந்த படம் காரலே இல்லை, வாவல் குஞ்சு. என் பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பெட்டியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி என்னிடம் கொண்டுவந்தாள். "தாத்தா, நேத்து நாம சாப்பிட்டது கழிவு மீனாம்" என்றாள். சோற்றில் கை வைத்திருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மீன் பிடித்தவன் இல்லை. மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் 1983 முதல் 2016 வரை கணக்குப்பிள்ளையாக இருந்தேன். கடலுக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன நாட்களிலும் வாந்தி எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் அணியத்தில் படுத்திருந்ததுதான் அதிகம். ஆனால் கரைக்கு வந்த மீனை முப்பத்து மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் அம்மாவின் கருவாட்டுக் கொட்டகையில் பார்த்தேன். அம்மா காரல் கருவாடு விற்றுத்தான் எங்கள் நாலு பேரையும் படிக்க வைத்தாள். ஆகவே இது கொஞ்சம் சொந்த விஷயம்.

முதலில் பெயர். எங்கள் பக்கம் காரல். சென்னைப் பக்கம் போனால் காரப்பொடி. என் மூத்த மகளைச் சேலத்தில் கொடுத்திருக்கிறோம். அவர்கள் சென்னையில் குடியிருந்தபோது கர்ப்பமாக இருந்தவள் ஒரு நாள் மாப்பிள்ளையிடம் "காரப்பொடி வாங்கிட்டு வாங்க" என்றிருக்கிறாள். அவர் மளிகைக் கடையில் கால் கிலோ மிளகாய்த்தூள் வாங்கிவந்து கொடுத்தார். அவர்கள் ஊரில் அதுதான் காரப்பொடி. மலையாளத்தில் இதை முள்ளன் என்கிறார்கள், முள் தைத்த யாரோ வைத்த பெயராக இருக்க வேண்டும். சிங்களத்தில் கரல்லா. 2008இல் இந்தக் குடும்பத்து மீன்களை ஆராய்ந்த இரண்டு அறிஞர்கள் ஒரு பிரிவுக்குக் கரல்லா என்றே அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் காரல், அந்தப் பக்கம் கரல்லா, நடுவில் ஒரே மீன். பிலிப்பைன்ஸில் சப்சப் என்பார்களாம். ஜப்பானில் முள் இலை கொண்ட ஒரு செடியின் பெயரே இதற்கும். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்: ஒன்று வெள்ளி வயிறு என்ற பொருளில், இன்னொன்று குதிரைக்குட்டி மீன். இந்தக் குதிரைக்குட்டிக்குக் கீழே வருகிறேன்.

சரி, படம். வாவலும் காரலும் தட்டையாக, வெள்ளையாக, வட்டமாக இருப்பதால் குழம்புவது சகஜம்தான். ஆனால் வாவலைத் திருப்பி அடிவயிற்றைப் பாருங்கள், அங்கே துடுப்பு இருக்காது. காரலுக்கு நெஞ்சுக்குக் கீழே சின்னதாக ஒரு ஜோடி இருக்கும். வாவலின் துடுப்பில் கையில் குத்துகிற முள் கிடையாது. காரலுக்கு முதுகில் எட்டு முள், அடியில் மூன்று முள். முன்னால் இருப்பதைவிட இரண்டாவது முள் நீளமாக நிற்கும். மீன் பயந்தால் இந்த முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். நாம் நசுக்கினாலும் மடங்காது. விழுங்க வந்த மீனின் தொண்டையில் நிற்கட்டும் என்றுதான். அப்படியும் வாளை, ஊளி, பாறை எல்லாம் இதைத் தின்றுதான் வளர்கின்றன. வாளையின் வயிற்றைக் கீறினால் பாதி நாள் உள்ளே காரல் இருக்கும்.

அளவு என்று பார்த்தால் நாம் கடற்கரையில் பார்க்கிற காரலில் முக்கால்வாசி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு சில இனம் மட்டும் ஒரு சாண் வளரும். உடம்பு அமுக்கிவைத்த மாதிரி தட்டை. தலையில் செதில் இல்லை. உடம்பில் இருப்பதும் பொடிப் பொடியாக, விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முதுகுப் பக்கம் சாம்பல் கலந்த நீலம், அதில் மங்கலாக நெளிநெளிக் கோடுகள், மற்றபடி முழு வெள்ளி. சிலவற்றுக்குப் பிடரியில் ஒரு பழுப்புத் திட்டு, சிலவற்றுக்கு முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பு மை வைத்த மாதிரி ஒரு புள்ளி. அப்புறம் அந்தக் கொழகொழப்பு. காரலைத் தெரிந்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். ஒரு கூடைக் காரலைச் சிமெண்டுத் தரையில் கொட்டினால் மீன் நிற்கும், அதன் கோழை வழிந்து வாசல்வரை போகும். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் வழுக்கி விழுந்து கணக்கு நோட்டோடு ஐஸ் தொட்டிக்குள் போக இருந்தேன்.

இன்னொன்று, உயிருள்ள காரலைக் கையில் எடுத்தால் கிர், கிர் என்று ஒரு சத்தம் வரும். கரைவலை இழுக்கிற இடத்தில் காலையில் போய் நின்றால் கேட்கலாம். வலையின் நுனிப்பையான மடியைத் திறந்ததும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து பல்லை நறநறவென்று கடிப்பது போல இருக்கும். வாயின் எலும்பு உரசுவதால் வருகிற சத்தம்.

இப்போது வாய். உங்கள் பெட்டிச் செய்தியில் வாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரலைப் பற்றி எழுதிவிட்டு வாயை விடுவது யானையைப் பற்றி எழுதிவிட்டுத் தும்பிக்கையை விடுவது மாதிரி. ஒரு காரலை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது வாய் சின்னதாக, கோபித்துக்கொண்ட குழந்தை உதட்டைச் சுளித்த மாதிரி இருக்கும். கீழ்த்தாடையை நகத்தால் மெதுவாகப் பிடித்து முன்னால் இழுங்கள். உள்ளே மடித்து வைத்திருந்த குழாய் ஒன்று வெளியே வரும். கிட்டத்தட்ட தலை நீளத்துக்கு வரும். விட்டால் மறுபடி உள்ளே போய்விடும். இழுத்த நிலையில் பக்கவாட்டில் பார்த்தால் முகம் நீண்டு, அசலாகக் குதிரைக்குட்டி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இதுதான் விளையாட்டு. கருவாட்டுக்கு வந்த காரலில் பாதியின் வாயை இழுத்துவிட்டு அப்படியே காயவைத்துவிடுவோம். வியாபாரி வந்து "என்னம்மா, மீனெல்லாம் விசில் அடிக்குது" என்று கேட்பார்.

இந்த வாய் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் காரலை மூன்றாகப் பிரிப்பாள்: மேல்வாய், கீழ்வாய், பல்லுக்காரல். இது ஊர்ப் பெயர் கூட இல்லை, எங்கள் கொட்டகைப் பெயர். மேல்வாய்க்குக் குழாய் வானத்தைப் பார்த்து நீளும். கீழ்வாய்க்குத் தரையைப் பார்த்து நீளும். பல்லுக்காரலுக்கு நேராக முன்னால் நீளும். வாய்க்குள் விரல் விட்டால் கோரைப்பல் மாதிரி இரண்டு தட்டுப்படும். உலகத்தில் ஏறத்தாழ 50 வகைக் காரல் இருக்கின்றன. அத்தனையையும் நூல் பிடித்துப் பிரிக்கிற அறிஞர்கள்கூட முதலில் பார்ப்பது இந்த வாயைத்தான் என்று பின்னால் தெரிந்தபோது அம்மாவிடம் சொன்னேன். "வேற எதைப் பார்ப்பாக?" என்றாள்.

மேல்வாய்க்காரல் தண்ணீரில் மிதந்து வருகிற பொடி உயிர்களைத் தின்கிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற, அரிசி நொய்யைவிடச் சின்ன இறால் சாதிப் பூச்சிகள். மேலே ஒன்று மிதந்து போனால் குழாயைப் படக்கென்று நீட்டும். அந்த வேகத்தில் தண்ணீரோடு சேர்ந்து பூச்சியும் உள்ளே இழுக்கப்படும். தண்ணீர் செவுள் வழியே வெளியே போகும், பூச்சி செவுளின் சீப்பில் தங்கிவிடும். கீழ்வாய்க்காரல் தலையைக் கவிழ்த்துச் சேற்றை உறிஞ்சும். மண்ணுக்குள் இருக்கிற புழு, சின்னச் சின்ன ஓட்டுடலிகள், மக்கிய துகள் எல்லாம் அதற்குச் சாப்பாடு. பல்லுக்காரல் இந்த இரண்டையும் மதிக்காது. அது இறாலையும் குஞ்சு மீனையும் துரத்திப் பிடிக்கும். "பாசியைத் தின்று வாழும்" என்று நீங்கள் போட்டிருந்தீர்களே, அது எந்தக் காரல் என்று தெரியவில்லை.

இதை அம்மா சமையலில் வைத்திருந்தாள். மேல்வாயைக் குடல் எடுக்காமலே குழம்பில் போடுவாள். உள்ளே செம்மண் நிறத்தில் விழுது மாதிரி இருக்கும், ருசியாகவே இருக்கும். கீழ்வாயை ஒவ்வொன்றாக வயிற்றைக் கிள்ளி எடுத்துத்தான் போடுவாள். கிள்ளாமல் போட்டால் பல்லில் நறநறவென்று மண் கடிபடும், குழம்பு கசக்கும். ஒரு முறை அவசரத்தில் அக்கா எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அன்றைக்கு அக்காவுக்குக் காரலின் ஆகாரப் பழக்கம் முழுக்கப் புரிந்துவிட்டது.

அடுத்த தப்பு, "ஆழ்கடலில் வாழும்". ஐயா, காரல் கரையை விட்டுத் தூரம் போகாத மீன். பாக் நீரிணை முழுக்கவே ஆழம் குறைந்த கடல், அதனால்தான் அங்கே காரல் குவிகிறது. எங்கள் ஊருக்கு வடக்கே அந்தக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. அலை குறைவான வடக்கைப் பெண்கடல் என்றும், முரட்டுத் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வோம். ரயிலடியில் நின்றால் நடந்தே இரண்டு கடலிலும் கால் நனைத்துவிட்டுத் திரும்பலாம். இரண்டிலும் காரல் உண்டு. சேறும் மணலும் கலந்த தரைதான் அதற்குப் பிடித்தது. குஞ்சுகள் கழிமுகத்துக்குள்ளும் அலையாத்திக் காட்டு ஓரத்திலும் கடற்புல் நடுவிலும் வளரும். பகலில் கூட்டமாகத் தரையை ஒட்டிக் கிடக்கும், இரவில் பரவி மேலே வரும். தனியாக ஒரு காரலைப் பார்த்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. செங்கடல், ஆப்பிரிக்கக் கரை தொடங்கி ஜப்பான், ஆஸ்திரேலியாவரை இந்தச் சாதி உண்டு. ஒரு இனம் சூயஸ் கால்வாய் வெட்டிய பிறகு அது வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய்க் குடியேறியே விட்டது.

எங்கள் ஊரில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் படித்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971வரை மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போனது; இங்கே இன்னும் கிளை இருக்கிறது. பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ் என்ற விஞ்ஞானி காரல் குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதினார். 1971இல் அவர் புதிய இனமாக அறிவித்த ஒரு காரலுக்கு, அந்த நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸின் பெயரை வைத்தார். அதுவும் எங்கள் கடலில் கிடைக்கிற காரல்தான். இப்படி ஒரு பெரிய மனிதரின் பெயரைச் சுமக்கிற மீன் நேற்று என் பேத்தியின் தட்டில் இருந்தது.

அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஒரு பையனால்தான் எனக்கு அடுத்த விஷயம் தெரிந்தது. தொண்ணூறுகளில், ஒரு ஐப்பசி மாதம். விடியற்காலை நாலு மணி இருக்கும். படகு வந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்க் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன், ஒல்லியாக, சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலோடு வந்து நின்றான். "சார், உயிர்போன சூட்டோட நாலு காரல் வேணும்" என்றான். எடுத்துக்கொள் என்றேன். "அப்புறம், ஒரு அஞ்சு நிமிஷம் லைட்டை அணைக்க முடியுமா?" என்றான். அதற்கு நான் முடியாது என்று சொல்வதற்குள் மின்சார வாரியமே அணைத்துவிட்டது. ஜெனரேட்டர் போடுகிற ஆள் டீக்கடையில். அம்மோனியா நாற்றமும் இருட்டுமாக நின்றோம். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் ஒரு காரலின் செவுளுக்குக் கீழே கத்தரித்து, தொண்டையைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

உள்ளே ஒரு மோதிரம் எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது என்றால் சூடு இல்லை, புகை இல்லை. பச்சையும் நீலமுமாக ஒரு ஒளி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வளையம், உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டின மாதிரி. அவன் விரல் நுனியில் அது ஒட்டிக்கொண்டு விரலும் லேசாக ஒளிர்ந்தது. முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்த எனக்கு அன்றைக்குத்தான் அதைப் பார்க்கக் கிடைத்தது. பத்து வருஷமாக அந்த மீனை எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

அவன் விளக்கினான். அந்த வளையத்துக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. ஒளி அதனுடையது, மீனுடையது இல்லை. போட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்று அதற்குப் பெயர். 1967இல் வைத்தார்கள். லியோக்னாதிடே என்பது காரல் குடும்பத்தின் அறிவியல் பெயர். குடியிருப்பவனுக்கு வீட்டுக்காரன் பெயரையே வைத்துவிட்டார்கள். காரல் குஞ்சு பொரிக்கும்போது அந்த பாக்டீரியாவோடு பிறப்பதில்லை, கடல் தண்ணீரிலிருந்து பிடித்துக்கொள்கிறது. வளையத்தின் பின்னால் காற்றுப்பை. அதன் உட்பக்கம் கண்ணாடிக்குப் பாதரசம் பூசின மாதிரி பளபளப்பாக இருக்கும். ஒளி அதில் பட்டுத் திரும்பி, பாதி ஒளி ஊடுருவுகிற தசை வழியாக அடிவயிறு முழுக்கப் பரவுகிறது. எதற்கு? பகலில் கீழேயிருந்து பார்க்கிற வாளைக்கு மேலே வெளிச்சமான தண்ணீர் தெரியும், அதில் காரலின் நிழல் கறுப்பாகத் தெரியும். வயிற்றில் மெலிதாக வெளிச்சம் போட்டுக்கொண்டால் அந்த நிழல் கரைந்துவிடும். ஒளிந்துகொள்ள விளக்கேற்றுகிற பிராணி. பல இனங்களில் ஆணின் விளக்கு பெண்ணுடையதைவிடப் பெரிது, பக்கவாட்டில் தோலில் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒரு தெளிவான திட்டும் இருக்கும். ஆண்கள் இரவில் அதை மினுக்கிக் காட்டுகின்றன, சில இனத்தில் கூட்டமே சேர்ந்து ஒரே தாளத்தில் மினுக்குகிறது என்று பின்னால் படித்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெரிதாகச் சொன்னேன். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. தனுஷ்கோடியில் இருந்த காலத்திலேயே பார்த்திருக்கிறாளாம், 1964 புயலுக்கு முன்னால். குடிசையில் விளக்கு இல்லாத ராத்திரி மீன் கிள்ளும்போது தொண்டையில் தெரியும் என்றாள். "நெருப்பை முழுங்கின மீனு" என்று அவளுடைய அம்மா சொல்வாளாம். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "கரண்டு வந்த வீட்டுல எதைக் காட்டுறது?" என்றாள்.

இனி உங்கள் கடைசி வரி. "உணவுக்கு உதவாத கழிவு மீன்." கடிதம் இவ்வளவு நீண்டதற்கு மன்னிக்கவும், ஆனால் நான் சொல்ல வந்ததே இதுதான். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, ஏனென்றால் காரலைக் கழிவு என்று அதிகமாக எழுதியவன் நான்தான்.

கம்பெனி நோட்டில் ஐந்து பத்தி உண்டு. இறால், நண்டு, கணவாய், மீன், கழிவு. விசைப்படகு இறாலுக்காக மடியை இழுக்கிறது. மடியில் இறாலோடு எல்லாம் வரும், எல்லாவற்றையும்விட அதிகமாகக் காரல் வரும். படகில் ஐஸ் குறைவு. ஐஸ் காசு. இறாலுக்கு ஐஸ், கணவாய்க்கு ஐஸ், நல்ல மீனுக்கு ஐஸ். காரலுக்கு ஐஸ் போட்டால் ஐஸ் விலைகூடத் திரும்பாது. அதனால் அது தளத்திலேயே கிடக்கும். மேலே வெயில், மேலே ஆட்களின் கால், அதற்கு மேல் அடுத்த மடியில் வந்த மீன். மறுநாள் காலை கரைக்கு வரும்போது வயிறு வெடித்து, கண் சிவந்து, கோழை மஞ்சளாகியிருக்கும். அதை எங்கள் ஊரில் சங்காயம் என்போம். மண்வாரியால் அள்ளிக் கூடையில் போட்டு, காயப்போட்டு, மாவாக அரைக்க லாரியில் ஏற்றுவார்கள். கோழித் தீவனத்துக்கு. நாமக்கல் கோழி சாப்பிடுகிற காரல் அது. அப்புறம் முட்டையாகத் திரும்பி வந்து நம் பள்ளிக்கூடச் சத்துணவில் உட்கார்ந்தாலும் உட்காரும்.

அதே காரல், அதே கடலில், அதே காலையில் நாட்டுப்படகிலோ கரைவலையிலோ வந்தால் பிடித்த ஒரு மணி நேரத்தில் கூடைக்கு வந்துவிடும். வெள்ளித் தகடு மாதிரி இருக்கும். ஏலத்தில் பெண்கள் போட்டி போட்டு எடுப்பார்கள். இரண்டும் ஒரே மீன். நடுவில் இருப்பது ஒரு பார் ஐஸும் ஒரு பகல் வெயிலும்தான். ஐஸ் விற்ற கம்பெனியில் உட்கார்ந்திருந்த எனக்கு இது முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் 'கழிவு 14 கூடை', 'கழிவு 22 கூடை' என்று எழுதினேன். நோட்டில் பத்தி அப்படி அச்சடித்திருந்தது. ஒரு முறை காரலுக்குத் தனிப் பத்தி போடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "கோடு போட ஸ்கேல் இருக்கா?" என்றார். அவர் கிண்டல் செய்தாரா, சம்மதம் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் போடவில்லை.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கழிவு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது எவ்வளவு சின்னதாக வந்தாலும் யாரும் கேட்பதில்லை. இறால் சின்னதாக வந்தால் படகுக்காரர் முகம் வாடும். வஞ்சிரக் குஞ்சு வந்தால் நாலு பேர் அச்சச்சோ என்பார்கள். காரலில் விரல் நகம் அளவுக் குஞ்சு கூடை கூடையாக வந்தாலும் அரைக்கிறவருக்கு எடைதான் கணக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சங்காயக் கூடையில் கை விட்டால் முழுக் காரல் கைக்கு வரும். ஓய்வு பெறுகிற சமயம் கை விட்டால் பொடி. இது என் கைக் கணக்கு மட்டும்தான், புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாளைக்கும் ஊளிக்கும் பாறைக்கும் சாப்பாடு காரல் என்றேன் அல்லவா, அந்த மீன்களின் விலையைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பொடியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. பழைய கம்பெனி சத்தமில்லாமல் கிடக்கிறது, வாசலில் நாய் படுத்திருக்கிறது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கடைக்கு வருகிறது, அதனால் வருஷத்திலேயே நல்ல காரல் கிடைக்கிற நாட்கள் இவை. பேத்தி நேற்று சாப்பிட்டது அதைத்தான். என் மனைவி செய்முறையை இலவசமாகவே தருகிறேன்: கல்லுப்பைப் போட்டு அலுமினியச் சட்டியில் நாலு தடவை அலசித் தேய்க்க வேண்டும், கோழை போய்த் தண்ணீர் தெளிவாகிறவரை. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளியைக் குறைத்து, கொதி வந்ததும் மீனைப் போட்டால் நாலு நிமிஷம். கரண்டி போட்டுக் கிண்டினால் உடைந்துவிடும், சட்டியைப் பிடித்துச் சுழற்றத்தான் வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறும் என்று எங்கள் வீட்டில் முதல் பத்தியக் குழம்பே இதுதான். மாப்பிள்ளை மிளகாய்த்தூள் வாங்கிவந்த கதையில் பிறந்த பேத்திதான் இப்போது உங்கள் பெட்டியைக் கத்தரித்தவள். அவள் உடம்பில் ஓடுகிறது எல்லாம் அந்தக் கழிவு மீன்தான்.

முள்ளைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் கருவாடாக வாங்கிப் பொரித்துக்கொள்ளலாம். முள்ளோடு மொறுமொறுவென்று போய்விடும்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். பெரிதாக வேண்டாம், அதே ஆறு வரி போதும். படத்துக்கு நீங்கள் அலைய வேண்டாம் என்று இரண்டு படம் இணைத்திருக்கிறேன். நேற்று வாங்கியதில் கடைசியாக மிஞ்சிய கீழ்வாய்க்காரல் அது. ஒன்றில் வாய் மூடியிருக்கிறது, இன்னொன்றில் இழுத்துப் பிடித்திருக்கிறது. இழுத்துப் பிடித்திருக்கிற விரல் என் மனைவியுடையது. மஞ்சள் கறையோடு படம் பேப்பரில் வரக் கூடாது என்கிறாள். விரலை வெட்டிவிட்டுப் போடுங்கள், வாயை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளை,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.